எந்தக் கேள்விக்கு எந்தச் சராசரி: கணக்கெடுப்புப் பதில்களைச் சுருக்கிச் சொல்லும் முறை

கணக்கெடுப்பின் முடிவைச் சுருக்கிச் சொல்ல எந்தப் புள்ளியியல் அளவு தகும் என்பது, தரவு கணினியில் ஏறிய பிறகு எழும் கேள்வி என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் கேள்வித்தாளை எழுதும்போதே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஒருவரிடம் வயதை நிறைவடைந்த ஆண்டுகளில் கேட்டால் சராசரி, இடைநிலை அளவு (பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), திட்ட விலக்கம் (பதில்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) எல்லாமே கைக்கு எட்டும். அதே வயதை "18–30, 31–45, 46–60, 60க்கு மேல்" என்று நான்கு பிரிவுகளாக்கிக் கேட்டால் சராசரியைத் துல்லியமாகக் கணக்கிடும் வாய்ப்பு போய்விடும். "மூத்த குடிமக்களா? ஆம், இல்லை" என்று கேட்டாலோ மிஞ்சுவது ஒரு சதவீதம் மட்டுமே. ஆண்டுகளில் கேட்ட வயதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரிவுகளாக்கிக்கொள்ளலாம். பிரிவாகக் கேட்டதை ஆண்டுகளாக்க வழியே இல்லை.

இந்த வழிகாட்டி ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து செல்கிறது. முதுகலை மாணவர் ஒருவர் தம் நகரத்து நியாய விலைக் கடைகளின் சேவையைப் பற்றிக் குடும்ப அட்டைதாரர்களிடம் கேட்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தரவாக இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காகப் புனைந்தவை. அரசுக் கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்த எண்கள் அந்தந்தக் கணக்கெடுப்பின் பெயரோடு வரும்.

அளவையை இனங்காணுதல்

அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் சயன்ஸ் இதழில் முன்வைத்த, அளவைகளை (பதிலை அளக்கும் முறைகளை) நான்காக வகுக்கும் பகுப்புதான் இன்றும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது: பெயர் அளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. இதைப் பற்றிப் புள்ளியியலாளர்களிடையே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. எந்தக் கணக்கைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அளவை ஒன்றே ஆணையிட முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முதன்முதலாகக் கேள்வித்தாள் எழுதுபவருக்கு ஸ்டீவன்ஸின் பகுப்பைவிடப் பாதுகாப்பான தொடக்கம் கிடையாது.

ஒரு கேள்விக்கு வரும் பதில் எந்த அளவையைச் சேர்ந்தது என்று அறிய மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம். பதில்களுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டா? இல்லையென்றால் அது பெயர் அளவை, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வரிசை உண்டென்றால், அடுத்தடுத்த பதில்களுக்கு இடையிலான தொலைவு எங்கும் ஒன்றாகவே இருக்கிறதா? அப்படி உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் வரிசை அளவை. தொலைவு சமம் என்றால், சுழி என்பதற்கு "அறவே இல்லை" என்று பொருளா? இல்லையென்றால் இடைவெளி அளவை. ஆமென்றால் விகித அளவை, அப்போதுதான் "இது அதைப்போல் இருமடங்கு" என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. கோப்பில் அந்தப் பதிலுக்குரிய நெடுவரிசையில் எண் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்பது இந்த மூன்று வினாக்களில் எதிலும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணாக எழுதப்படும் பெயர்கள்

அஞ்சல் குறியீட்டு எண், வார்டு எண், கடை எண், தொலைபேசி எண் ஆகியவை பார்வைக்கு எண்கள், வேலையால் பெயர்கள். சென்னை 600001, கோயம்புத்தூர் 641001 ஆகிய இரண்டின் சராசரியை எந்த மென்பொருளும் மறுக்காமல் 620501 என்று தந்துவிடும். 620 என்று தொடங்கும் எண்கள் திருச்சிராப்பள்ளிக்கு உரியவை. திருச்சி இரண்டு ஊருக்கும் நடுவில்தானே இருக்கிறது என்று யாராவது மகிழ்ந்தால் அது தற்செயலுக்குக் கிடைத்த பாராட்டு.

குடும்ப அட்டையின் வகையும் அப்படியே. முன்னுரிமை அட்டைக்கு 1, அந்தியோதயா அட்டைக்கு 2, முன்னுரிமையற்ற அட்டைக்கு 3, சர்க்கரை அட்டைக்கு 4, பொருளில்லா அட்டைக்கு 5 என்று குறியீடு தந்தால், "சராசரி அட்டை வகை 2.4" என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு, பொருளில்லா அட்டைக்கு எதுவும் இல்லை என்பதால் இதில் ஒரு வரிசை ஒளிந்திருப்பதுபோலத் தோன்றும். ஆனால் சர்க்கரை அட்டை என்பது அரிசியை விட்டுக்கொடுத்துக் கூடுதல் சர்க்கரை பெறும் தெரிவு. அதை அந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதற்கு விடை கிடைக்காது. ஒரே ஒரு வகை வரிசைக்கு அடங்க மறுத்தாலும் அந்த மாறியை (ஆளுக்கு ஆள் மாறும் பண்பை) பெயர் அளவையாகவே நடத்துவது நல்லது.

இங்கே பொருந்தும் அளவுகள் சில மட்டுமே: ஒவ்வொரு வகையின் நிகழ்வெண் (எத்தனை பேர் என்ற எண்ணிக்கை), சதவீதம், முகடு (அதிகம் பேர் சொன்ன பதில்). முகட்டை நம்பும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் வகைகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நம் கையில் இருக்கின்றன. தொழிலைக் கேட்டு "கூலி வேலை" என்று ஒரே வகையாக வைத்தால் அது முகடாக வரலாம்; அதையே விவசாயக் கூலி, கட்டடக் கூலி, சுமைதூக்கும் கூலி என்று மூன்றாகப் பிரித்தால் முகடு வேறொரு தொழிலுக்குப் போய்விடலாம். ஆகவே "பெரும்பாலோர் இன்னார்" என்று முகட்டை மட்டும் அறிவிக்காமல் முழு சதவீதப் பட்டியலையும் தர வேண்டும்.

இரண்டே பதில்கள் உள்ள கேள்விக்கு ஒரு சலுகை உண்டு. "ஆம்" என்பதற்கு 1, "இல்லை" என்பதற்கு 0 என்று குறியிட்டால், அந்த நெடுவரிசையின் சராசரி "ஆம்" என்றவர்களின் விகிதமாகவே அமையும். 1, 2 என்று குறியிட்டால் இந்த வசதி கிடைக்காது. இருவகை மாறியை விகிதமாகச் சொல்லும் மரபும் உண்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பாலின விகிதத்தை 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று தருகிறது. 2011இல் அது நாட்டளவில் 943, தமிழ்நாட்டில் 996. பல நாடுகளிலும் ஐ.நா. வெளியீடுகளிலும் இது தலைகீழாக, 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தரப்படுவதால், ஒப்பிடுவதற்கு முன் எது மேலே, எது கீழே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கடையில் நீங்கள் சந்திக்கும் சிக்கல்கள் எவை? பொருந்தும் அனைத்தையும் குறிக்கவும்" என்ற கேள்வி தனிக் கவனம் கேட்கிறது. நீண்ட வரிசை, எடை குறைவு, இயந்திரத்தில் கைரேகை விழாமை, பொருள் இருப்பில் இல்லாமை என்று ஒருவரே பலவற்றைக் குறிப்பார். ஒவ்வொரு தெரிவையும் தனித்தனி 0, 1 நெடுவரிசையாகப் பதிவதுதான் சரியான முறை. 200 பேர் சேர்ந்து 340 குறிகள் இட்டு, அவர்களில் 120 பேர் நீண்ட வரிசையைக் குறித்திருந்தால், அது பதிலளித்தவர்களில் 60 சதவீதம். விழுந்த குறிகளில் 35.3 சதவீதம். இரண்டுமே சரியான கணக்குகள்தாம், ஆனால் வாசகர் தேடுவது பெரும்பாலும் முதலாவதை. அந்தச் சதவீதங்களைக் கூட்டினால் 100ஐத் தாண்டும் என்பதை அட்டவணையின் அடியிலேயே எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி குறையும்.

வரிசை மட்டும் தெரிந்த பதில்கள்

கருத்துக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி வரிசை அளவையில்தான் நடக்கிறது. தவறுகளும் இங்கேதான் அதிகம். "கடையின் சேவை உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி தருகிறது?" என்று கேட்டு, மிகவும் அதிருப்தி 1, அதிருப்தி 2, இரண்டும் இல்லை 3, திருப்தி 4, மிகவும் திருப்தி 5 என்று பதிவது வழக்கம். 5 என்பது 4ஐவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1இலிருந்து 2க்கு ஏறும் தொலைவும் 4இலிருந்து 5க்கு ஏறும் தொலைவும் ஒன்று என்று பதிலளித்தவர் எங்கும் சொல்லவில்லை. அந்தச் சம இடைவெளியைக் கொண்டுவந்தது நாம் இட்ட குறியீடு.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். முதல் கடையில் 100 பேரின் பதில்கள் 1 முதல் 5 வரை முறையே 5, 10, 50, 25, 10 என்று விழுந்தன. இரண்டாம் கடையில் 30, 5, 20, 0, 45 என்று விழுந்தன. இரண்டுக்கும் சராசரி 3.25. இரண்டுக்கும் இடைநிலை அளவு 3. "இரு கடைகளும் ஒரே தரம்" என்று ஆய்வேட்டில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் முதல் கடை பெரிதாகக் குறையுமில்லை நிறையுமில்லை என்ற நிலையில் இருக்கிறது, இரண்டாவதோ வாடிக்கையாளரை இரண்டு முகாம்களாகப் பிளந்திருக்கிறது. அங்கே 45 பேர் மிகவும் மகிழ்கிறார்கள், 30 பேர் கொதிக்கிறார்கள். ஒருவேளை அந்த 30 பேரும் கைரேகை விழாமல் திரும்பிப் போகும் முதியவர்களாக இருக்கக்கூடும். அதை அடுத்த அட்டவணையில் வயதோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது குறியீட்டை மட்டும் மாற்றுவோம், வரிசையைத் தொடாமல். ஐந்து பதில்களுக்கும் 1, 2, 3, 4, 7 என்று கொடுத்தால் முதல் கடையின் சராசரி 3.45, இரண்டாவதன் சராசரி 4.15; இரண்டாம் கடை வெல்கிறது. 1, 4, 5, 6, 7 என்று கொடுத்தால் முதல் கடைக்கு 5.15, இரண்டாவதற்கு 4.65, முதல் கடை வெல்கிறது. எந்தக் குறியீட்டிலும் மேலிருந்த பதில் கீழே போகவில்லை. பதிலளித்தவர்களில் ஒருவர்கூடத் தம் பதிலை மாற்றவில்லை. ஆயினும் எந்தக் கடை சிறந்தது என்ற தீர்ப்பு புரண்டுவிட்டது. இடைநிலை அளவோ எந்தக் குறியீட்டிலும் "இரண்டும் இல்லை" என்ற பதிலின்மீதே நிற்கிறது. வரிசை அளவைக்கு இடைநிலை அளவும் கால்மானங்களும் (வரிசையைக் கால் பாகங்களாகப் பிரிக்கும் இடங்கள்) பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுதான்.

இடைநிலை அளவு நம்பகமானது என்றாலும், இங்கே அது மட்டும் போதவில்லை என்பதையும் இந்த இரு கடைகளே காட்டிவிட்டன. கால்மானங்களையும் சேர்த்தால் படம் தெளிகிறது: முதல் கடையில் கீழ்க் கால்மானம் 3, மேல் கால்மானம் 4, இரண்டாவதில் கீழ்க் கால்மானம் 1, மேல் கால்மானம் 5. இன்னும் எளிமையாகச் சொல்ல, மேலிரு பதில்களின் சதவீதத்தையும் கீழிரு பதில்களின் சதவீதத்தையும் அருகருகே தரலாம்: முதல் கடையில் 35, 15, இரண்டாம் கடையில் 45, 35. மேலிரண்டை மட்டும் தந்தால் இரண்டாம் கடையே மேல் என்ற தோற்றம் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தர வேண்டும். ஐந்தே பதில்கள் உள்ள கேள்விக்கு ஐந்து சதவீதங்களையும் வெளியிடுவதைவிட நேர்மையான சுருக்கம் வேறில்லை என்பது என் கருத்து.

பதிலளித்தோர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து, நடுவிலுள்ள இருவரில் ஒருவர் "திருப்தி" என்றும் மற்றவர் "மிகவும் திருப்தி" என்றும் சொல்லியிருந்தால், இடைநிலை அளவு 4.5 என்று எழுதக் கூடாது. இரண்டு பதில்களுக்கும் இடையே விழுகிறது என்று எழுதினால் போதும். "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" ஆகியவற்றுக்கு நடு இடமான 3ஐத் தருவதும் தவறு. கருத்து இல்லாமை வேறு, நடுநிலைக் கருத்து வேறு. அவற்றை வரிசைக்கு வெளியே தனியாக வைத்து, எத்தனை பேர் என்று தெரிவித்துவிட வேண்டும்.

அப்படியானால், இப்படி 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் லிக்கர்ட் அளவைக்குச் சராசரியே கூடாதா என்ற கேள்வி வரும். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த முறை ஒற்றைக் கேள்விக்கானது அன்று. ஒரே மனப்பாங்கைத் தொடும் பல கூற்றுகளுக்கான மதிப்பெண்களைக் கூட்டி ஒருவருக்கு ஒரு மொத்தம் தருவதுதான் அதன் சாரம். கடை ஊழியரின் நடத்தை பற்றி எட்டுக் கூற்றுகளைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் பெற்றுக் கூட்டினால், மொத்தம் 8 முதல் 40 வரை ஓடும். இப்படிப்பட்ட மொத்தத்தை ஏறத்தாழ இடைவெளி அளவையாகக் கருதிச் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடுவதை நடைமுறையில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. "ஊழியர் எரிந்து விழுகிறார்" என்பதுபோல எதிர்மறையாக எழுதிய கூற்றுகளின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பிப் போட வேண்டும். கூற்றுகள் எட்டும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்பதை கிரான்பாக் ஆல்ஃபா போன்ற நம்பகக் கெழுவால் பார்க்க வேண்டும். திருப்பிப் போட மறந்தால் அந்தக் கெழு சரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது கூடுதல் நன்மை. ஒற்றைக் கேள்வியின் சராசரியை, ஆண்டுதோறும் மாறாமல் கேட்கும் அதே கேள்வியின் போக்கைக் காட்டப் பயன்படுத்துவதில் பெரிய தீங்கு இல்லை, பக்கத்தில் சதவீதப் பரவலும் இருந்தால்.

நம் பல்கலைக்கழகங்களின் வணிகவியல், வேளாண் பொருளியல் ஆய்வேடுகளில் தவறாமல் தலைகாட்டும் காரட் (Garrett) தரவரிசை முறையையும் இங்கே சொல்ல வேண்டும். "பின்வரும் ஐந்து சிக்கல்களை முக்கியத்துவப்படி 1 முதல் 5 வரை வரிசைப்படுத்துக" என்று கேட்டு, ஒவ்வொரு தரத்திலிருந்தும் 0.5 கழித்து, 100ஆல் பெருக்கி, சிக்கல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 10, 30, 50, 70, 90 என்ற சதவீத நிலைகள் கிடைக்கும். அவற்றை காரட் அட்டவணையில் தேடி மதிப்பெண்களாக மாற்றிச் சராசரி எடுப்பார்கள். அந்த மதிப்பெண்களுக்கு இடையிலான இடைவெளி இயல்நிலைப் பரவல் (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவப் பரவல்) என்ற அனுமானத்திலிருந்து பிறக்கிறது, பதிலளித்தவர் மனத்திலிருந்து அன்று. ஒருவருக்கு முதல் இரண்டு சிக்கல்கள் ஏறக்குறையச் சமமாகவும் மூன்றாவது பொருட்படுத்தத் தகாததாகவும் இருந்திருக்கலாம். வரிசைப்படுத்தச் சொன்ன கேள்வியில் அதைச் சொல்ல இடமே இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டால் காரட் முறையைச் செய்யலாம். கூடவே ஒவ்வொரு சிக்கலுக்கும் முதலிடம் தந்தோர் சதவீதத்தையும் இடைநிலைத் தரத்தையும் ஒரு சிறு அட்டவணையில் தருவது அவசியம்.

இடைவெளி அளவை

கள ஆய்வில் தூய இடைவெளி அளவை அரிது. செல்சியஸ் வெப்பநிலையும் பிறந்த ஆண்டும் வழக்கமான எடுத்துக்காட்டுகள்; பிறந்த ஆண்டுக்குச் சராசரி எடுக்கலாம், விகிதம் எடுக்க முடியாது. கடிகார நேரம் மட்டும் ஒரு வலை. "இரவு எத்தனை மணிக்கு உறங்கப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒருவர் 23 என்றும் மற்றவர் 1 என்றும் சொன்னால் சராசரி நண்பகல் 12 என்று வரும். நேரம் வட்டமாகச் சுழல்வதால், முந்தைய நண்பகலிலிருந்து எத்தனை மணி நேரம் என்று மாற்றி 11, 13 எனப் பதிந்தால் சராசரி 12 மணி நேரம், அதாவது நள்ளிரவு என்று ஒழுங்காக வரும்.

விகித அளவையும் வருமானக் கேள்வியும்

வயது, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, கடைக்குள்ள தூரம், காத்திருந்த நிமிடங்கள், வாங்கிய அரிசியின் கிலோ, மாத வருமானம் ஆகியவை விகித அளவையில் அடங்கும். எல்லா அளவுகளும் இங்கே அனுமதிக்கப்பட்டவை என்பதால், எது முடியும் என்ற கேள்வி போய் எது பொருந்தும் என்ற கேள்வி வருகிறது.

ஒன்பது குடும்பங்களின் மாத வருமானம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 8, 10, 11, 12, 13, 14, 15, 18, 160 என்றிருந்தால் சராசரி 29 ஆயிரம். இடைநிலை அளவு 13 ஆயிரம். ஒன்பதில் எட்டுக் குடும்பங்கள் சராசரிக்குக் கீழே நிற்கின்றன. இந்தத் தெருவில் வழக்கமான குடும்பம் எப்படி வாழ்கிறது என்பது கேள்வியானால் இடைநிலை அளவுதான் விடை. ஆனால் சராசரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடக் கூடாது. மொத்தம் வேண்டியபோது சராசரிக்கு மாற்று இல்லை. ஒரு குடும்பம் மாதந்தோறும் வாங்கும் அரிசியின் சராசரியைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடங்குக்கு எவ்வளவு அரிசி வர வேண்டும் என்று தெரியும். இடைநிலை அளவைப் பெருக்கினால் எதுவும் தெரியாது.

2022–23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தனிநபர் மாதச் செலவின் சராசரியை ஊரகத்தில் 3,773 ரூபாய் என்றும் நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய் என்றும் தந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. மக்களைச் செலவின்படி வரிசைப்படுத்தி, ஊரகத்தின் கீழ் 5 சதவீதத்தினரின் சராசரி 1,373 ரூபாய், மேல் 5 சதவீதத்தினரின் சராசரி 10,501 ரூபாய் என்று பிரித்தும் தந்தது. பணம் தொடர்பான எந்த மாறிக்கும் இந்த வழக்கத்தைப் பின்பற்றலாம்: நடுவில் ஓர் எண், இரு முனைகளிலும் ஒவ்வோர் எண்.

வருமானத்தை நேரடியாகக் கேட்டால் பலரும் தயங்குவார்கள் என்பதால் பிரிவுகளாகக் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்டவுடன் மாறி வரிசை அளவைக்கு இறங்கிவிடுகிறது. 200 குடும்பங்களில் 10,000 ரூபாய் வரை 46, 10,001–20,000 வரை 72, 20,001–30,000 வரை 44, 30,001–50,000 வரை 26, 50,000க்கு மேல் 12 என்று வந்தால், கடைசிப் பிரிவுக்கு மேல்வரம்பு இல்லாததால் சராசரிக்கு ஓர் ஊகம் தேவைப்படும். அந்த 12 குடும்பங்களுக்கு 60,000 என்று வைப்பதா, ஒரு லட்சம் என்று வைப்பதா என்பதைப் பொறுத்து விடை நகரும். இடைநிலை அளவுக்கு அந்தத் தொல்லை இல்லை. நூறாவது குடும்பம் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அதற்குமுன் 46 குடும்பங்கள் கழிந்தன, இன்னும் 54 வேண்டும், அந்தப் பிரிவில் இருப்பவை 72. எனவே 10,000 உடன் 54ஐ 72ஆல் வகுத்து 10,000ஆல் பெருக்கிய 7,500ஐச் சேர்த்தால் 17,500 ரூபாய். பிரிவுக்குள் குடும்பங்கள் சீராகப் பரவியிருக்கின்றன என்ற அனுமானம் இதிலும் உண்டு, ஆனால் அதன் பிழை ஒரு பிரிவின் எல்லையைத் தாண்டாது. நான்காம் பிரிவு மட்டும் 20,000 ரூபாய் அகலம் கொண்டது என்பதால், பரப்பால் எண்ணிக்கையைக் காட்டும் செவ்வகப் படம் வரையும்போது அதன் உயரத்தைப் பாதியாக்க வேண்டும். கேள்வித்தாளில் "10,000–20,000, 20,000–30,000" என்று எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டால், சரியாக 20,000 வாங்குபவர் எங்கே குறிப்பார் என்று யாருக்கும் தெரியாது.

விகித அளவைப் பதில்களிலும் மக்கள் சொல்லும் எண் உருட்டிய எண்களை நோக்கிச் சரியும். வயது கேட்டால் 30, 35, 40 என்று 0இலும் 5இலும் முடியும் எண்கள் குவியும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இது நெடுங்காலமாகக் காணப்படுகிறது. இதை அளக்கவே விப்பிள் குறியீட்டெண் இருக்கிறது: 23 முதல் 62 வயது வரையுள்ளோரில் 0, 5 என முடியும் வயதைச் சொன்னோரை எண்ணி, குவிதலே இல்லாவிட்டால் 100, எல்லோரும் அவ்வெண்களையே சொன்னால் 500 என்று வரும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. காத்திருப்பு நேரமும் இப்படித்தான். யாரும் 23 நிமிடம் என்று சொல்வதில்லை, "அரை மணி நேரம்" என்பார்கள். இதனால் வயதுக்கும் நேரத்துக்கும் முகடு கணக்கிடுவது வீண். இடைநிலை அளவும் இத்தகைய உருட்டிய எண் ஒன்றின்மீதே வந்து நிற்கக்கூடும் என்பதால், இரண்டு கடைகளிலும் இடைநிலைக் காத்திருப்பு 30 நிமிடம் என்று வந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோர் சதவீதத்தையும் ஒப்பிட வேண்டும்.

பெரும்பாலோரின் பதில் சுழியாக இருக்கும் கேள்விகளும் உண்டு. "கடந்த மாதம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற எவ்வளவு செலவானது?" என்று கேட்டால் இடைநிலை அளவு அநேகமாகச் சுழியாகவே இருக்கும். அங்கே விடையை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: எத்தனை சதவீதக் குடும்பங்களுக்குச் செலவு நேர்ந்தது, நேர்ந்த குடும்பங்களில் இடைநிலைச் செலவு எவ்வளவு.

இன்னும் நிகழாத நிகழ்வைக் கேட்கும்போது இடைநிலை அளவின் வேறொரு பயன் வெளிப்படுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு, பெண்களின் முதல் திருமண வயதைச் சராசரியாகத் தராமல் இடைநிலை அளவாகத் தருகிறது. திருமணமானவர்களை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், இன்னும் மணம் ஆகாத, ஆகவே தாமதமாகவே மணக்கப்போகிற பெண்கள் விடுபட்டு விடை கீழே இறங்கிவிடும். எல்லாப் பெண்களையும் கணக்கில் சேர்த்து, பாதிப் பேர் எந்த வயதுக்குள் மணமாகியிருந்தனர் என்று பார்த்தால் மீதிப் பேருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்து எத்தனை நாளில் அட்டை வந்தது என்ற கேள்விக்கும் இதே முறை பொருந்தும். இன்னும் வராதவர்களை விலக்கிவிட்டுச் சராசரி கண்டால் அலுவலகம் உண்மையில் இருப்பதைவிடச் சுறுசுறுப்பாகத் தோன்றும்.

கோப்பிலும் அறிக்கையிலும்

கணக்கிடுவதற்கு முன், பதில் இல்லாமைக்கு இட்ட குறியீடுகளைத் தேட வேண்டும். வயது தெரியாதவருக்கு 99 என்று பதிந்துவிட்டு அப்படியே சராசரி எடுத்தால் மாதிரி முழுவதும் முதுமை அடையும். எக்செலின் சராசரிச் சூத்திரம் வெற்றுக் கலத்தை விட்டுவிடும், சுழியைச் சேர்த்துக்கொள்ளும். எனவே பதில் வராத இடத்தில் இட்ட 0 உண்மையான சுழிகளோடு கலந்து மறைந்துவிடும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு மாறிக்கும் அளவையைக் குறிக்க ஒரு நெடுவரிசை உண்டு. இடைவெளி, விகிதம் இரண்டையும் அது ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்த நெடுவரிசையைக் கேள்வித்தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே, ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, வெளியிடப்போகும் அட்டவணையின் வெற்று வடிவத்தோடு சேர்த்து நிரப்பிப் பார்ப்பது நல்லது. எந்த அட்டவணையிலும் இடம் கிடைக்காத கேள்வி தன்னை அடையாளம் காட்டும், அதை நீக்கிவிடலாம்.

அறிக்கையில் சராசரியைத் தனியே விடாமல் திட்ட விலக்கத்தோடும், இடைநிலை அளவைக் கால்மானங்களோடும், சதவீதத்தை அதன் அடிப்படை எண்ணிக்கையோடும் தர வேண்டும். இரு மாறிகளின் தொடர்பைப் பார்க்கும்போதும் அளவையே வழி சொல்கிறது: இரண்டும் பெயர் அளவை என்றால் குறுக்கு அட்டவணையும் கை-வர்க்கச் சோதனையும் (தொடர்பு தற்செயலானதா என்று பார்ப்பது), இரண்டும் வரிசை அளவை என்றால் ஸ்பியர்மன் தர ஒட்டுறவு (இரு தர வரிசைகளின் இசைவை அளப்பது), இரண்டும் விகித அளவை என்றால் சிதறல் படத்தைப் பார்த்த பிறகு பியர்சன் ஒட்டுறவு (நேர்கோட்டுத் தொடர்பை அளப்பது). வெவ்வேறு அளவைகள் சந்தித்தால் தாழ்ந்த அளவைக்கு உரியதைக் கொள்வது பாதுகாப்பு. 30 பேர் பதிலளித்த கேள்வியில் ஒருவரின் பதில் 3.3 சதவீதப் புள்ளிகளை நகர்த்தும் என்பதால், 43.33 சதவீதம் என்று இரண்டு தசம இடங்களில் எழுதுவதைவிட "30 பேரில் 13 பேர்" என்று எழுதுவதே முறை.